இருபத்து மூன்றாம் எண்

முப்பது குப்பிகள், முப்பது எண்கள்.
எந்த எண்ணில் எது என்று எழுதிய தாள்
ஒன்றே ஒன்று, என் கையெழுத்தில்.
வேலூர், மே மாதம், கரண்டு இல்லை.
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி
இருபத்து மூன்றாம் வரியில்
பெயரைக் குடித்துவிட்டது.

விடிந்தால் செய்முறைத் தேர்வு.
லோகநாயகி மேடத்துக்கு போன் போட்டிருக்கலாம்.
போட்டால், "துளசிங்கம், உங்களை நம்பித்தானே…" என்பார்.
அந்தத் "தானே"யைக் கேட்க
ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குத் திராணி இல்லை.
கணியம்பாடிக்குக் கடைசி பஸ்ஸும் போயிருந்தது.

பீனாலாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை.
நாற்பத்தோரு டிகிரியில் உருகுகிற சாமான்;
எங்கள் ஊர் மத்தியானத்தில் தானே தண்ணீராகி
தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.
இது வெள்ளைப் பொடி.
அன்று நான் திறந்த ஜாடிகளில் ஐந்து வெள்ளைப் பொடி.
உப்பா சர்க்கரையா என்றால் நாக்கில் வைக்கலாம்.
எதையும் நாக்கில் வைக்காதே என்று
நானே எழுதி மாட்டிய பலகை எதிரில் தொங்குகிறது.

இருபத்திரண்டு வருஷமாக
பர்னர் பற்றவைத்திருக்கிறேன், குழாய் கழுவியிருக்கிறேன்,
பிள்ளைகள் சோதிப்பதை முதுகுப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.
என் கையால் எதையும் கண்டுபிடித்ததில்லை.

கரண்டியில் எரித்தேன்.
கரிப்புகை சுருண்டு சுருண்டு மேலே போனது.
பென்சீன் வீட்டுச் சொந்தம்.

சோடியத்தோடு உருக்கி, சிவக்கச் சுட்ட குழாயைத்
தண்ணீரில் முக்கியதும் வெடித்த சத்தத்துக்கு
தொரப்பாடி நாய்களெல்லாம் எழுந்துகொண்டன.
வடிகட்டி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துக் காத்திருந்தேன்.
நீலம் வரவில்லை. நைட்ரஜன் இல்லை.
இல்லை என்பதும் அடையாளம்தான்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை
என்று ஆரம்பித்தாலே போதும்,
எந்த ஊர்க்காரன் என்று
பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.
ஐந்தில் இரண்டு கழிந்தது.

சோடாக் கரைசலில் போட்டேன்,
கோலி சோடா உடைத்ததுபோல் சீறியது.
அமிலம்தான். மீதி மூன்றுமே அமிலம்.

நடுநிலை பெரிக் குளோரைடு, இரண்டே சொட்டு.
ஒன்றுக்குச் சந்தன நிற வண்டல் வரும், இன்னொன்றுக்கு மஞ்சள்.
குழாயில் இறங்கியதோ ஊதா.
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப்
பனி ஈரத்தோடு பறித்த ஊதா.

அதற்கப்புறமும் மனசு கேட்கவில்லை.
மெத்தனால் கொஞ்சம், கந்தக அமிலம் ஒரு சொட்டு,
வெந்நீரில் ஐந்து நிமிஷம்.
சோடாத் தண்ணீரில் ஊற்றினேன்.
ஆய்வகம் முழுக்க எங்கள் வீட்டுப் படுக்கையறை!
சுகுணா ராத்திரியில் என் முட்டிக்குத் தேய்க்கிற தைலம்.

மூன்றரை மணிக்கு எழுதினேன்: சாலிசிலிக் அமிலம்.
மை காயும்வரை
தாளை உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் அந்தக் குப்பி
மேல்விஷாரம் சபீஹாவிடம் போனது.
என் தாள் வெளித் தேர்வாளர் கையில்.
அதில் இருப்பதுதான் உண்மை; இவள் வேறு சொன்னால்
மார்க் போவது இவளுக்கு.
தொட்டியில் குழாய் கழுவுகிற சாக்கில் நின்றேன்.
கழுவியதையே கழுவினேன்.
எரித்தாள். உருக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு
பழுப்புக் குப்பியை எடுத்தாள்.
முதல் சொட்டு.
இரண்டாவது.

கத்தரிக்காய்.

அப்புறம் மெத்தனால் கேட்டு வாங்கினாள்.
கொஞ்ச நேரத்தில் தேர்வாளர் தாளிலிருந்து தலை தூக்கினார்:
"யாருப்பா இங்க தைலம் தேய்ச்சுக்கிட்டு வந்தது?"

பழக்க தோஷம்,
நான் கையைத் தூக்கிவிட்டேன்.